நேற்றைய தையலும் வரும் சனிக்கிழமையும்

அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று திருகோணமலை உவர்மலையில் காலை 8 மணிக்குத் தொடங்கிய மெஷின் சத்தம் பின்னேரம் 5 மணிக்குத்தான் ஓய்ந்தது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கான 24 பைகளும் மத்தியானத்துக்குள் முடிந்தன. மூன்று பேர் வெயிலோடு வெயிலாகப் போய்க் கொடுத்துவிட்டும் வந்தார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு முழுக்கப் போர்வை வேலைதான். மேலே பழைய நூல் சேலைத் துண்டுகள், நடுவில் பஞ்சு, அடியில் சாரத் துணி. மூன்றையும் சேர்க்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் ஓட்டுத் தையல் போட வேண்டும். நாங்கள் அவசரத்தில் ஓரத்தில் தொடங்க, நடுப்பகுதி உப்பிவிட்டது. சரி என்று முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைத்தோம். கையால் தடவிப் பார்த்தேன், ஒரு சுருக்கமும் இல்லை. ஒரு அக்கா தன் அம்மாவின் நினைவாக வைத்திருந்த நீலச் சேலையை வெட்டத் தந்தாரே, அது சரியாக நடுச் சதுரத்தில் இருக்கிறது.

மாரி மழைக்கு முன் வயதானவர்களுக்கு இன்னும் 5 போர்வை வேண்டும். சனிக்கிழமை வரும்போது துணியைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். துவைக்காத பருத்தி பிறகு சுருங்கித் தையலை இழுக்கும். நம் கடற்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, எண்ணெய் தொட்ட துணியில் குத்தி வையுங்கள். தைக்கும் முன் துடைக்க மறக்க வேண்டாம்.

வெள்ளை நூல் முடிந்துவிட்டது. இருப்பவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.