கிளைவ் பிறந்த சந்தை ஊரும் நம் பேட்டைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் எஞ்சி நிற்கும் பழைய கோட்டை வாயிலான டெல்லி கேட்டைக் காட்டி, 1751ஆம் ஆண்டு ராபர்ட் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்ற கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் எந்த ஊரிலிருந்து புறப்பட்டு வந்தவர் என்பதை, வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானும் வகுப்பில் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில், டெர்ன் என்னும் சிற்றாற்றின் கரையில் இருக்கும் மார்க்கெட் டிரேட்டன்தான் அவ்வூர். அதற்கு அருகில் இருந்த பண்ணை மாளிகை ஒன்றில் 1725இல் கிளைவ் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது அங்குள்ள மாதா கோயில் கோபுரத்தில் ஏறி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கற்சிலையின் மேல் உட்கார்ந்து ஊரை மிரட்டினார் என்றும், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, கண்ணாடியை உடைக்காமல் இருக்கக் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கினார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. (பிற்காலத்தில் வங்காளத்தில் செய்ததற்கு அது ஒத்திகை போலும்!)

ஆனால் அவ்வூரின் குணத்தை உண்டாக்கியது கிளைவ் அல்ல, சந்தைதான். 1245இல் மூன்றாம் ஹென்றி மன்னர் புதன்கிழமைதோறும் சந்தை கூட்டிக்கொள்ளச் சாசனம் வழங்கினார். எழுநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே சந்தை நாள் புதன்கிழமைதான். அக்காலத்து இங்கிலாந்தில் நினைத்த இடத்திலெல்லாம் சந்தை போட முடியாது. பகலில் ஒரு பங்கு போவதற்கும், ஒரு பங்கு விற்று வாங்குவதற்கும், ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதற்கும் வேண்டும் என்று கணக்கிட்டு, ஏறத்தாழ ஆறே முக்கால் மைலுக்குள் மற்றொரு சந்தை தோன்றினால் அது பழைய சந்தைக்குக் கேடு என்று சட்ட அறிஞர்கள் வகுத்திருந்தார்கள். சந்தை வழக்குகளை அன்றைக்கே தீர்த்துவைக்கப் ‘புழுதிக் கால்’ என்று பொருள்படும் பெயரில் நீதிமன்றங்களும் இருந்தன. புழுதி படிந்த காலோடு வந்த வெளியூர் வியாபாரியை மறுநாள் வா என்று அலைக்கழிக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

1651இல் ரொட்டிக்கடை ஒன்றில் பற்றிய தீ, ஊரில் பெரும்பகுதியை அழித்தது. மரச்சட்டமிட்ட வீடுகளோடு ஊர் மீண்டும் எழுந்தது, சந்தையும் நிலைத்தது. ஆற்காட்டுக்கு மக்கன் பேடா போல அவ்வூருக்கு இஞ்சி ரொட்டி.

இதை எழுதக் காரணம் உண்டு. அவ்வூர் தன் பெயரிலேயே சந்தையைச் சுமப்பது போல ராணிப்பேட்டையும் வாலாஜாபேட்டையும் சந்தை கூடும் ஊர் என்று பொருள்படும் ‘பேட்டை’யைச் சுமக்கின்றன. எந்த ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காகக் கிளைவ் ஆற்காட்டில் போரிட்டாரோ, அவருடைய வாலாஜா என்னும் பட்டம்தான் வாலாஜாபேட்டையின் பெயரில் நிற்கிறது. அப்படியிருந்தும் இப்பேட்டைகளில் என்ன விற்றது, வியாபாரிகள் எவ்வழியே வந்தார்கள், வேலூர் அருகே உள்ள பொய்கை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை எப்படி அமைந்தது என்பதை விளக்க, என் கண்ணுக்கு எட்டியவரை, ஒரு பலகைகூட இல்லை. மாட்டுத் தரகர்களும் பழைய மண்டிக்காரர்களும் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, தங்கள் நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் வாரம் ஒரு சந்தை வீதம் எழுதி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாலாஜாபேட்டை.