ஊரார் பிழைப்புத் தேடி வெளியேறுவது குறைய, கண்மாய் வரத்துக்காலை ஆவணிக்குள் சீரமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கிராமப் பொதுமக்கள் மற்றும் ஆயக்கட்டு விவசாயிகள்,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கண்மாய்க்கு (பாசன ஏரிக்கு) மழை வெள்ளத்தைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலை அளந்து, அடைப்பு நீக்கி, சீமைக் கருவேல மரங்களை வேரோடு அகற்றித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் எந்தக் குடும்பம் இருக்கும், எந்தக் குடும்பம் வெளியேறும் என்பது பல ஆண்டுகளாகக் கார்த்திகை மாதத்தில்தான் முடிவாகிறது. ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்போம். அந்த மழையில் பயிர் முளைத்துவிடும். ஆனால் கதிர் பிடிக்கும் நேரத்தில் கண்மாயிலிருந்து இரண்டு மூன்று தண்ணீராவது பாய்ந்தால்தான் தை மாதம் அறுப்பு உண்டு. கார்த்திகையில் கண்மாய் பெருகவில்லை என்றால், பொங்கல் கழிந்ததும் சென்னைக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டுவதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

அப்படிப் போகிறவர்கள் ஒரே நாளில் ஊரை விட்டுவிடுவதில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம். முதல் ஆண்டு ஆண் மட்டும் போய், அடுத்த விதைப்புக்குத் திரும்பி வருகிறார். இரண்டாம் ஆண்டும் பயிர் கருகினால், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு மனைவியும் உடன் போகிறார். மூன்றாம் ஆண்டும் தவறினால் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். அதை வாங்கிப் போன குடும்பம் மறுபடியும் ஊரில் விதைத்ததை நாங்கள் மிக அரிதாகவே பார்த்திருக்கிறோம். ஆகவே, அரசு செய்யும் உதவி அதற்கு முன்பே எங்களை வந்தடைய வேண்டும்.

படிப்புக்காகவும், விருப்பப்பட்டுத் தேடிக்கொண்ட வேலைக்காகவும் போகிற பிள்ளைகளை நாங்கள் மனமுவந்துதான் அனுப்பி வைக்கிறோம். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. விதைத்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் ஏறுகிறவர்களைப் பற்றித்தான் இந்த மனுவில் எழுதுகிறோம். மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலதெய்வக் கோயிலுக்கு வரும் மூன்று நாட்களில் பூட்டிய வீடுகள் எல்லாம் திறந்து விளக்கு எரிவதையும், அவர்கள் கண்மாய்க் கரையில் நின்று ‘இந்த வருஷம் தண்ணீர் எப்படி?’ என்று கேட்பதையும் பார்க்கிறவர்கள், இவர்கள் ஊரை வெறுத்துப் போனவர்கள் அல்லர் என்பதை அறிவார்கள்.

இருப்பவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். கண்மாய் என்பது ஆட்கள் இருந்தால் மட்டுமே நிற்கும் ஏற்பாடு. மழைக் காலத்தில் இரவு கரையைக் காக்கவும், மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சவும், வரத்துக்காலில் விழுந்த முள்ளை உடனுக்குடன் எடுக்கவும் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் நீர்பாய்ச்சி வேலை பார்த்தவர் முதுமையில் ஒதுங்கிய பிறகு அந்தப் பொறுப்பை ஏற்க இளைஞர் ஒருவரும் இல்லை. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கும் பெருமை உண்டு. ஆனால் பழம் சிவக்கும் பங்குனி, சித்திரையில் பறிப்பதற்குக் கை இல்லாமல் செடியிலேயே வற்ற விட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஒரு வீடு பூட்டப்படும்போது பக்கத்து வீட்டின் வெள்ளாமையும் சேர்ந்து குறைகிறது.

மழையே இல்லாத ஊர் அல்ல எங்கள் ஊர். குண்டாற்றில் வெள்ளம் வரும் ஆண்டுகளில், சேதுபதி மன்னர் காலத்து ரெகுநாத காவிரிக் கால்வாய் வழியாக எங்கள் வரத்துக்காலுக்கும் தண்ணீர் திரும்ப வேண்டும். அந்த வரத்துக்கால் இன்று மேடிட்டு, சீமைக் கருவேலம் அடர்ந்து, பல இடங்களில் வாய்க்கால் என்றே தெரியாமல் கிடக்கிறது. முன்பு மரங்களை ஏலத்தில் வெட்டியபோது மேலே மட்டும் அறுத்துக்கொண்டு வேரை விட்டுவிட்டதால், அடுத்த மழையிலேயே முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது. இம்மரத்தைக் கரிமூட்டம் போட்டு வயிறு கழுவும் குடும்பங்களும் இங்கே உள்ளன என்பதால் பட்டா நிலத்து மரங்களில் நாங்கள் கை வைக்கச் சொல்லவில்லை. வரத்துக்காலிலும் கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் உள்வாயிலும் உள்ளவற்றை மட்டும், 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அயல் படர் தாவரங்களுக்கான கொள்கையின் நோக்கப்படி, வேரோடு அகற்றித் தர வேண்டுகிறோம்.

இதே கோரிக்கையை முன்பு இரண்டு முறை மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் பெற்றிருக்கிறோம். கண்மாய் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு, கால் கடந்து வரும் நிலம் மற்றோர் அலுவலகத்தின் பொறுப்பு, மரம் வேறொருவருடையது என்ற பதிலே கிடைத்தது. மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் தங்களிடம் இருப்பதால் தங்களை நாடி வந்துள்ளோம்.

நில அளவைப் புலப்படத்தின்படி வரத்துக்காலை அளந்து கல் நட்டுத் தர உத்தரவிட வேண்டும். ஆக்கிரமித்தவர்களில் எங்கள் உறவினர்களும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் பேசி, அளவை முடிந்ததும் விட்டுக்கொடுக்க அவர்கள் இசைந்துள்ளனர். இயந்திரம் தேவைப்படாத மண் வேலையை எங்கள் ஊராருக்கே கூலி வேலையாகத் தந்தால் கோடை மாதங்களில் சிலராவது ஊரில் தங்குவார்கள். எடுக்கும் வண்டல் மண்ணை எங்கள் வயல்களுக்கு இலவசமாக அள்ளிக்கொள்ள அனுமதியும் வேண்டுகிறோம். 2021இல் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு முடிந்து தண்ணீர் வந்தாலும், இந்தக் கால் திறந்திருந்தால்தான் எங்கள் கண்மாய்க்கு அது வந்து சேரும்.

இப்பணி புழுதி விதைப்புக்கு முன், அதாவது ஆவணிக்குள் முடிய வேண்டும். அதற்குப் பின் செய்தால் இந்த ஆண்டு வெள்ளத்தைப் பிடிக்க இயலாது. அதற்கு முன்பாகத் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறோம். தலைமடையிலிருந்து எங்கள் கண்மாய் வரை தங்களுடன் நடந்து வந்து, அடைப்புள்ள ஒவ்வோர் இடத்தையும் காட்ட ஊர்ப் பெரியவர்கள் ஆயத்தமாக உள்ளனர்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராமப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், ஊர்க்கூட்டத் தீர்மான நகல், ஆயக்கட்டுதாரர் கையொப்பப் பட்டியல்.