மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வீட்டோடு வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை, நம் குமரி மாவட்டத்தில் ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துச் செல்கிறோம். இந்த முறை ஒவ்வொரு பிள்ளையுடனும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். அம்மா, அப்பாவுக்கு வேலை இருந்தால் தாத்தாவையோ பாட்டியையோ அனுப்புங்கள். சானல் (கால்வாய்) தண்ணீரில் நெல் விளைவித்தவர்கள் வந்தால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

காரணம் இதுதான். சென்ற முறை பாலத்தின் மேல் குனிந்து தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்து, அப்படியே போய்விட்டது. "சார், அது எந்த வயலில் போய்ச் சேரும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வயல்களுக்குப் போகிற தண்ணீர் என்று பாடம்போலச் சொன்னேனே தவிர, எந்த வயல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வயல்களில் பல இன்று வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. எது எந்த வயலாக இருந்தது என்பது உங்கள் வீட்டு மூத்தவர்களுக்குத்தான் தெரியும்.

"பார்த்த இடம்தானே" என்பீர்கள். நாம் பார்த்ததெல்லாம் மேலே நின்று படம் எடுத்ததும், திரும்பும் வழியில் அன்னாசிப்பழம் தின்றதும்தான். பட்டணங்கால் கால்வாய் ஒரு குன்றின் விளிம்புக்கு வருகிறது. எதிரே பறளியாற்றின் பள்ளம். அதில் இறங்கிவிட்டால் தண்ணீர் மறுகரையில் ஏறாது. ஆகவே 115 அடி உயரத்தில், ஏறத்தாழ 1,200 அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் தொட்டியையே குன்றுக்குக் குன்று நீட்டிவிட்டார்கள். அகலம் ஏழரை அடி, ஆழம் ஏழு அடி. மோட்டார் கிடையாது, கால்வாயின் சிறு சரிவே தண்ணீரைத் தள்ளுகிறது. கீழே ஓர் ஆறு ஓட, அதன் தலைக்கு மேல் இன்னொரு தண்ணீர் ஓடுகிறது. இதை 1966இல் கட்டி முடித்தார்கள்.

தூண்கள் 28. பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், ஆற்றங்கரைக்குப் படியிறங்கி அவர்களே எண்ணட்டும். ஏழாம் வகுப்பினர், தொட்டியை மேலே மூடியிருக்கும் கான்கிரீட் பலகைகளின் இடைவெளியில் ஓர் இலையைப் போட்டு, நூறு அடி தூரத்தை அது எத்தனை நொடியில் கடக்கிறது என்று குறிக்க வேண்டும். பாலத்தின் சரியான பெயர் தொட்டிப்பாலமா, தொட்டில்பாலமா என்ற சண்டையை பஸ்ஸிலேயே முடித்துக்கொள்ளலாம். நான் தொட்டி கட்சி.

கண்டிப்பாக ஒன்று: பாலத்தின் மேல் பிள்ளையின் கையை விடாதீர்கள். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கவும் வேண்டாம். காற்று பலமாக இருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழேயே ஆற்றங்கரையில் இருக்கலாம். அங்கிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்த உயரமே புரிகிறது.

காலை 8 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் புறப்படும். நுழைவு டிக்கெட் செலவு பள்ளியுடையது. மதியச் சாப்பாடு உங்களுடையது. வருவோர் பெயரைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

புதுக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்