303 குழலை வீட்டிலேயே அளப்பது: சஸ்காட்சவனிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு, வணக்கம். சித்திக்கும் சொல்லுங்கள்.

இங்கே நவம்பரில் பனியும் மான் வேட்டையும் சேர்ந்தே வரும். வயல்காட்டு வீடுகளில் உங்கள் ஆயுதப்படைக் காலத்து 303 துப்பாக்கியை இன்னமும் வைத்திருக்கிறார்கள். பல, டொராண்டோ பக்கம் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்தவை. லைசென்ஸ் எடுக்கப் பாதுகாப்பு வகுப்பும் பரீட்சையும் உண்டு. வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும். குழலின் தேய்மானத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

குண்டைச் சுழற்றக் குழலுக்குள் திருகு மாதிரி காடிகள் வெட்டியிருக்கும்; காடிகளுக்கு நடுவே நிற்பது மேடு. 0.303 அங்குலம் என்பது உள்ளே மேட்டுக்கு மேடு உள்ள அளவு. குண்டுக்குத் தேவை காடிக்குக் காடி உள்ள அளவு, அது 0.311-லிருந்து 0.315 வரை துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். 0.315 குழலில் 0.311 குண்டைப் போட்டால் சுழற்சி பிடிக்காமல் போகலாம். குறி அட்டையில் வட்டத்துக்குப் பதில் நீள ஓட்டை விழும்.

முதலில் மேகசினையும் போல்ட்டையும் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலிதானா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். குழலை நன்றாகத் துடைத்து, லேசாக எண்ணெய் பூச வேண்டும். அப்புறம் 0.32 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தடிமனில் சுத்த ஈயத் துண்டு ஒன்று வேண்டும்; குழலுக்குள் தள்ளினால் குழலின் அளவு அதில் பதியும். தூண்டில் ஈயம் போதும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். கெட்டி ஈயம் வெளியே வந்ததும் லேசாக விரிந்து பொய் அளவு காட்டும்.

அதைக் குழலின் வாய் முனையில் வைத்து பிளாஸ்டிக் சுத்தியால் தட்டி இறக்கி, டேப் சுற்றிய பித்தளைக் கம்பியால் தள்ளுவார்கள். மரக்குச்சி கூடவே கூடாது. சாய்வாகப் பிளந்து ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். ஈயம் சிக்கினால் எண்ணெய் விட்டு, வந்த வழியே திருப்பித் தட்ட வேண்டும்; சுட்டு வெளியேற்றப் பார்த்தால் குழலே வெடிக்கும். தள்ளும்போது கை சொல்வதையும் கவனிக்க வேண்டும். முனையருகே மட்டும் தளர்வாக ஓடினால், அநேகமாக குழலைத் துடைக்க இழுக்கும் புல்-த்ரூ கயிறு உரசிய தேய்மானம். கயிற்றை நேராக இழுக்கச் சொல்லி நீங்கள் பயிற்சிக்காரர்களைத் திட்டியது இதற்குத்தான்.

அளப்பதில்தான் வம்பு. குழலின் காடி ஈயத்தில் மேடாகப் பதியும். இரண்டு காடிக் குழல் என்றால் மைக்ரோமீட்டரில் நேரே அளந்துவிடலாம். ஐந்து காடியில் மேட்டுக்கு எதிரே பள்ளம்தான் வரும். அளவு குறைத்துக் காட்டும். அதனால் 0.001 அங்குலத் தடிமனுள்ள உலோகத் தகட்டை ஈயத்தில் ஒரே சுற்று, விளிம்பு மேலேறாமல் இறுக்கிச் சுற்றி அளந்து, 0.002-ஐக் கழிக்கிறார்கள். ஐந்து பல் கருவிகளுக்கான வி-வடிவ மைக்ரோமீட்டர் இன்னும் நல்லது, விலைதான் அதிகம். வெர்னியர் காலிப்பர் இதற்கு உதவாது, தாடை ஈயத்தில் பதிந்துவிடும்.

ஈயக் குண்டு வார்ப்பவர்கள் கிடைத்த அளவுக்கு மேல் 0.001 அல்லது 0.002 கூட்டிக்கொள்வார்கள். ஈயத் துண்டில் துப்பாக்கி எண்ணை எழுதி உறையில் போட்டு வைப்பது வழக்கம். ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் வைப்பார்கள்.

உங்கள் காலத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரர் குழலுக்குள் கேஜ் என்ற அளவுக் கம்பியை விட்டுப் பார்ப்பார் என்பீர்களே, அதில் என்ன அளவுக்கு மேல் போனால் கழித்துக் கட்டினார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்