ஏரிகளில் வண்டல் மண் எடுக்கும் அனுமதி ஆணையில் நீர்ப்பறவைகளுக்கான நிபந்தனைகளைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
பறவை நோக்கும் குழுவினர்,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: கோடையில் ஏரிகளில் வண்டல் எடுக்கும்போது சரிவு, காலம், கூடு கட்டும் மரங்கள் குறித்த நிபந்தனைகளை அனுமதி ஆணையிலேயே சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏரி வற்றியதும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டல் எடுக்கிறார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவும் இருக்கிறது. இதை நிறுத்தும்படி நாங்கள் கேட்கவில்லை. தூர் வாரினால்தான் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால்தான் பறவை வரும். ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதும் ஆணையில், எந்தச் சரிவில், எந்த இடத்தில், எப்போது எடுப்பது என்பதையும் எழுத வேண்டுகிறோம்.

முதலில் சரிவு. சேற்றில் இரை தேடும் உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல் இறங்குவதில்லை. நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம் வரை போகும். ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்வதால் அதற்கு முழங்கால் ஆழம் போதும். ஆக, கரையோரத்து 15 சென்டிமீட்டர் ஆழப் பகுதிதான் பெரும்பாலான பறவைகளுக்குச் சோறு போடுகிறது. 1:20 சரிவில், அதாவது 20 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், அந்தப் பகுதி மூன்று மீட்டர் அகலம் இருக்கும். 1:2 சரிவில் 30 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஜேசிபி செங்குத்தாக வெட்டிய குழியில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. அங்கே நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டுமே பிழைக்கும். 1:20 சரிவில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 20 சென்டிமீட்டர் புதுச் சேறு வெளியே வரும். தை முதல் பங்குனி வரை வலசைப் பறவைகள் தங்குவது இந்தப் புதுச் சேற்றை நம்பித்தான்.

எனவே ஏரியின் மேல்புறத்தில், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் முதலில் வற்றும் பக்கத்தில், 50 மீட்டர் அகலத்துக்கு 1:20 சரிவு கட்டாயம் என்று எழுத வேண்டுகிறோம். அந்த 50 மீட்டர் முடியும் இடத்தில் இரண்டரை மீட்டர் ஆழம் கிடைத்துவிடும் என்பதால் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. சரிபார்ப்பதும் எளிது. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை (டியூப் லெவல்) பிடித்தால் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் காட்ட வேண்டும். வயலுக்கு உதவும் வண்டல் மேலே ஒன்றிரண்டு அடிதான், அதற்குக் கீழே வருவது வயலுக்கு உதவாத சவுடு மண். வண்டல் என்று அனுமதி வாங்கிச் சவுடு வரை தோண்டுவதால்தான் செங்குத்துக் குழிகள் உண்டாகின்றன. மழைக்காலத்தில் குழியின் விளிம்பு தண்ணீருக்குள் மறைந்துவிடும். குளிக்க இறங்கும் பிள்ளைகளும் மேய்ச்சல் மாடுகளும் அதில்தான் சிக்குகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் சரிவு நிபந்தனை வேண்டும்.

அடுத்தது காலம். மண் எடுக்கும் மாதங்களும் ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டையிடும் மாதங்களும் ஒன்றாக வருகின்றன. வற்றிய ஏரியின் உட்பகுதியில் சரளைக் கற்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கல்லின் நிறத்திலேயே கரும்புள்ளிகளோடு. இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது, டிராக்டர் ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும்? வெயில் ஏறும்போது தாய்ப்பறவை தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் அமர்ந்து குளிர்விக்கும். அதை நெடுநேரம் விரட்டி வைத்தால் முட்டை வெந்துவிடும். அடைகாக்க ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். பொரித்த குஞ்சு ஓரிரு நாளில் நடந்து வெளியேறிவிடும் என்பதால் அதுவரை அந்த இடத்தை விட்டுவைத்தாலே போதும்.

வண்டி இறங்குவதற்கு முந்தைய நாள் காலை 6 மணி முதல் 9 மணிக்குள் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து கூடுகளைத் தேடித் தர எங்களால் முடியும். கூட்டின் பக்கத்திலேயே கொடி நட்டால் காக்கையும் நாயும் வந்து சேரும். அதனால் ஐந்து மீட்டர் தள்ளிச் சுண்ணாம்பு அடையாளம் இட்டு, சுற்றி 30 மீட்டரை விட்டு மற்ற இடத்தில் மண் எடுக்கலாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற விளக்கத்துக்குள்ளேயே வருவதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

மூன்றாவது மரங்கள். சீமைக்கருவேலத்தை அகற்றும்போது நாட்டுக் கருவேலமும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. பூவைப் பார்த்தால் குழப்பம் வராது: நாட்டு மரத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தது போன்ற சாம்பல் நிறக் காய். சீமை மரத்துக்கு நீண்ட கதிர்ப் பூ. வக்காவும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால்தான் பூனையும் கீரியும் ஏறுவதில்லை. இம்மரங்களுக்கு எண்ணிட்டு ஏலத்திலிருந்து விலக்கவும், அவை நிற்கும் மண் திட்டைக் கரைக்காமல் விடவும் உத்தரவிட வேண்டுகிறோம். ஏரியில் மீன் பிடிப்பதற்கான மீன்பாசிக் குத்தகை ஒப்பந்தத்திலும், பறவையை விரட்ட வெடி வெடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கடலோரத்தில் பழவேற்காடு சரணாலயமாக இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் அப்படி ஒரு நீர்நிலைகூட இல்லை. உப்பளத்தின் பெயரைச் சுமக்கும் உப்புக்கொத்தி, கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இங்கே வந்து இறங்குவது சாதாரண பாசன ஏரிகளில்தான். அவற்றைக் காக்க ஆட்சியரின் ஆணையை விட்டால் வேறு வழியில்லை.

முதற்கட்டமாக வட்டத்துக்கு ஓர் ஏரியில் வரும் கோடையிலேயே இதை நடைமுறைப்படுத்தவும், கூடு தேடும் நாளை வட்டாட்சியர் அலுவலகம் மூன்று நாள் முன்பாக எங்களுக்குத் தெரிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். ஏரி நிரம்பி உபரிநீர் வழிந்து கோடி போன பிறகு, ஜனவரியில் அதே ஏரியில் பறவைகளைக் கணக்கெடுத்து, இனவாரியான எண்ணிக்கையைத் தங்கள் அலுவலகத்தில் எழுத்துமூலம் அளிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பறவை நோக்கும் குழுவினர்,
காட்பாடி வட்டம்.

இணைப்பு: சரிவு அளவுகளைக் காட்டும் வரைபடம், கருவேல மரங்களை அடையாளம் காணும் படங்கள்.