தம்பிக்கு, காட்பாடி பிளாட்பாரத்தைப் பற்றி

தம்பி,

உன் பையனுக்குப் பட்டாளத்தில் சேரச் சொல்லி பெங்களூரிலிருந்து கடிதம் வந்துவிட்டதாக மருமகள் சொன்னாள். நீ சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் பேசி இன்றோடு 23 நாள் ஆகிறது. ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே திண்ணை.

அன்றைக்கு நடந்த சண்டையை மறுபடி எழுதப்போவதில்லை. மருமகளைப் பற்றி நான் விட்ட வார்த்தையையும் இங்கே எழுத மாட்டேன். அதற்கு அவளிடமே தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பையன்களை அக்னிவீர் என்று நாலு வருஷத்துக்குப் பட்டாளத்தில் எடுக்கும் அக்னிபத் திட்டத்தைப் பற்றி எனக்கு இருக்கும் கோபம் உனக்குத் தெரியும், அதுவும் இங்கே வேண்டாம். நம் தெருப் பையன்கள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுகிறார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள். ஓடுகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது.

நீ காலை இழந்து ஊருக்கு வந்து இறங்கிய நாளைப் பற்றிக் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "காட்பாடியில ஏம்பா சல்யூட் அடிச்சீங்க? நான் கையத்தானே கேட்டேன்?"

இதை ஏன் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரும். உன்னைப் பற்றி நான் பெருமை பேசியதெல்லாம் ஊரைக் கூட்டி வைத்துத்தான். இதையும் ஊர் கேட்கட்டும்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். ஊருக்குச் சொல்கிறேன், என் மகன் கார்கில் வீரன் இல்லை. 1999-ல் அவன் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பட்டாளப் பயிற்சியில் இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஆகஸ்டு 15 அழைப்பிதழில் "கார்கில் போரில் காலை இழந்த" என்று முதல் தடவை அச்சடித்தபோது நீ என்னைப் பார்த்தாய். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நீ காலை இழந்த ஆபரேஷன் பராக்ரம் என்றால் யாருக்குத் தெரியும்? 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு மொத்தப் பட்டாளத்தையும் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பத்து மாதம். மைல் மைலாகக் கண்ணிவெடி புதைத்தார்கள், அப்புறம் போர் இல்லை என்று ஆனதும் அத்தனையையும் தோண்டி எடுக்கச் சொன்னார்கள். கார்கிலில் இறந்தவர்கள் 527 பேர். போரே நடக்காத இந்தப் பத்து மாதத்தில் 798 பேர். அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் 2003-ல் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு அது. இதற்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்? அந்தக் கோபத்தில்தான் கார்கில் என்று சொல்ல விட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. கார்கில் என்றால் டீக்கடையில் எழுந்து நிற்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

உன்னைத் தூக்கிய வெடி எவ்வளவு பெரியது என்று ஊரில் கேட்பார்கள். நான் கையை விரித்துக் காட்டுவேன். உண்மையில் அந்த எம் 14 கண்ணிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும். பிளாஸ்டிக் உடம்பு, 30 கிராமுக்கும் குறைவான வெடிமருந்து. பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, பாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். உலோகம் கொஞ்சம்தான் என்பதால் டிடெக்டர் சரியாகக் கத்தாது. ராஜஸ்தான் எல்லையில் கங்காநகர் மணலில் நேற்றுப் புதைத்தது நாளைக்கு வேறு இடத்தில் கிடக்கும், கையிலிருக்கும் வரைபடம் ஒன்று சொல்லும், தரை இன்னொன்று சொல்லும். கம்பியைச் சாய்த்துக் குத்தித் தேடுவதை நானும்தான் பதினேழு வருஷம் பழகினேன். நேராகக் குத்தினால் கண்ணிவெடியின் தலையில் பட்டு வெடிக்கும். நீ சின்னப் பையனாக இருக்கும்போது கொல்லையில் தென்னங்குச்சியை வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அது உனக்கு விளையாட்டு. எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது.

உன்னோடு இருந்த திருநெல்வேலிப் பையன் வீட்டுக்கு வந்து சொன்னானே, அதை நீ இருக்கும்போது ஒரு தடவைகூட முழுசாகச் சொல்ல விட்டதில்லை, எழுந்து போய்விடுவாய். நான் இன்றைக்குச் சொல்கிறேன். வெடித்ததும் இரண்டு பேர் உன்னை நோக்கி ஓடப் பார்த்திருக்கிறார்கள். நீ கெட்ட வார்த்தையில் கத்தி நிறுத்தியிருக்கிறாய். "லேன் போட்டுக்கினு வாங்கடா, இடப்பக்கம் ரெண்டு கெடக்குது." பெல்ட்டைக் கழற்றி முழங்காலுக்குக் கீழே நீயே இறுக்கிக் கட்டியிருக்கிறாய். அவர்கள் லேன் போட்டு, விரல்கடை விரல்கடையாகக் குத்திப் பார்த்து உன்னிடம் வந்துசேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். சுற்றிலும் கடுகு பூத்துக் கிடந்ததாம். அந்த அரை மணி நேரமும் நீ ஒரு தடவைகூட "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவன் அவசரப்பட்டிருப்பான்.

நானும் கண்ணிவெடி புதைத்து எடுக்கும் சேப்பர் பட்டாளத்துக்காரன்தான் தம்பி. 1971 போரைப் பார்த்தவன். எனக்கு அந்த அரை மணி நேரம் வந்திருந்தால் அலறியிருப்பேன், அவர்களை ஓடி வரச் சொல்லியிருப்பேன்.

அதனால்தான் சல்யூட்.

பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் வந்தது. பின்னால் மாலையோடு முப்பது பேர். என் சட்டையில் மெடல். யாரோ உன் டிரங்குப் பெட்டியை முதலில் இறக்கினார்கள், அப்புறம் நீ வாசலுக்கு வந்தாய். புனேயில் மாட்டிவிட்ட காலுக்கு அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. இடது அக்குளில் கட்டை, வலது கையில் வாசல் கம்பி. புதுக் கால் படியைத் துழாவியது. காட்பாடியில் ரயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உனக்கும் தெரியும். என்னைப் பார்த்தாய். என் கை எழுந்துவிட்டது, முழங்கை உயரத்துக்கு வந்தும்விட்டது. அதற்குள் பின்னால் ஒருவன், "சிங்கம்டா, தானே எறங்குது பாரு" என்றான். நீட்டிய கையை அப்படியே மடக்கி நெற்றிக்குக் கொண்டுபோனேன். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பதில்லை என்பதுகூட மறந்துபோனது.

நீ பதில் சல்யூட் அடித்தாய். அதற்கு வலது கை வேண்டும், கம்பியை விட்டாய்.

முழங்கால் படியில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. கைதட்டலில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. உன் முகம் மாறவே இல்லை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பெருமை. ராத்திரி அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உனக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள், நான் திண்ணையில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்ப அந்த சல்யூட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தையல் போட்டிருந்த இடம் பிரிந்து ரத்தம் கசிந்தது என்பதையே நீ இந்த மாதம்தான் சொல்லியிருக்கிறாய்.

கை கொடுத்தால் உன்னை நொண்டி என்று ஊர் முன்னால் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பின்னாலிருந்து அந்தக் குரல் வராமல் இருந்திருந்தால் என் கை உன்னிடம் வந்திருக்கும், அதுவும் சத்தியம்.

நீயும் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்காமல் விட மாட்டேன். மணலில் கிடந்துகொண்டு இடப்பக்கம் ரெண்டு கிடக்குது என்று யார் யாருக்கோ வழி சொன்னவன், "அப்பா, புடிங்க" என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? 22 வருஷம் ஹாலில் அந்த சல்யூட் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்றாயே. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அது உன் மனசில் இருந்ததா? இத்தனை வருஷம் என்னை ஒரு முட்டாளாகவே இருக்க விட்டுவிட்டாய்.

மெட்ராஸ் சேப்பர்ஸில் ஜவானுக்கெல்லாம் தம்பி என்றுதான் பெயர். பிளாட்பாரத்தில் எனக்குத் தெரிந்தது அந்தத் தம்பி. என் தம்பியை அம்மாதான் பார்த்திருக்கிறாள்.

பையன் போகட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. பயமாக இருக்கிறது என்பதை மட்டும் அவனிடம் சொல்வேன். உன்னிடம் அதைச் சொல்லாமல் அனுப்பினேன்.

போட்டோவை நேற்று இறக்கி பரணில் வைத்துவிட்டேன். பரணில்தான் பெட்டியும் கிடந்தது. என் நம்பர் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து வெள்ளையில் உன் நம்பர் எழுதியது நான்தான், 1998-ல். பையனுக்காக அதைத் துடைத்து வெளியே வெயிலில் வைத்தேன், கறுப்புப் பெயின்ட் கால் லிட்டர் வாங்கிவந்தேன், பிரஷ்ஷையும் நனைத்தேன். உன் நம்பர் மேல் அடிக்கக் கை வரவில்லை. டப்பாவை மூடி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். சாயங்காலம் வெயில் இறங்கினதும் வா.

அப்பா