தீவுக்கு ஏழு நாள், மலைக்கு எத்தனை நாள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சேர்வராயன் மலை ஊராட்சிகளில் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாருடைய பதவிக்காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, அடுத்த தேர்தல் நடக்காததால் நிர்வாகம் தனி அலுவலரான பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) கைக்குப் போனது. 2016 கடைசியிலிருந்து 2019 கடைசி வரைக்கும் இப்படித்தான் இருந்தது. இதைப் பேசினால் "சின்ன ஊர்தானே, அதிகாரி பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பசிபிக் கடலில் இருக்கும் நவூரு பற்றி எழுதுகிறேன்.

அந்தத் தீவு வெறும் 21 சதுர கிலோமீட்டர், சுமார் 12,000 பேர். ஏற்காடு ஒன்றியத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். ஆனால் 1968 முதல் அது தனி நாடு. மக்கள் 19 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறார்கள், அவர்கள் தங்களுக்குள் ஒருவரை அதிபராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் அதே உறுப்பினர்களிலிருந்து நாலைந்து பேரை அமைச்சராக்குகிறார், அவ்வளவுதான் அரசாங்கம். நிர்வாக அதிகாரம் மொத்த அமைச்சரவைக்கும் சேர்த்துத்தான், எல்லாரும் ஒன்றாகப் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தால் அதிபரும் அமைச்சர்களும் இறங்க வேண்டியதுதான். அப்புறம் 7 நாளுக்குள் புது அதிபர் வராவிட்டால் பாராளுமன்றமே கலைந்துவிடும், கலைந்தால் 2 மாதத்துக்குள் தேர்தல். இந்தக் கெடு அவர்கள் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. வலுவான கட்சிகள் கிடையாது, ரெண்டு மூன்று பேர் பக்கம் மாறினால் ஆட்சி கவிழ்ந்துவிடும். 2010இல் சபையில் 18 பேர்தான், ஒன்பதுக்கு ஒன்பது என்று நின்று, ஏப்ரலில் ஒரு தேர்தல், ஜூனில் இன்னொரு தேர்தல் என்று நவம்பர் வரை இழுத்தது. அதற்குப் பிறகுதான் 19 ஆக்கினார்கள். பாஸ்பேட் தோண்டி விற்ற பணத்தில் பெரும்பகுதி வீணாய்ப் போனது, தீவின் நடுப்பகுதி விவசாயத்துக்கு உதவாத பாறையாகக் கிடக்கிறது. பாக்சைட் வெட்டியெடுத்த மலையில் வாழும் நமக்கு அந்த வலி புரியும். ஆனாலும் 2023 அக்டோபரில் ரஸ் குன் அரசு கவிழ்ந்தபோது அதே மாதமே டேவிட் அடியாங் அதிபராக வந்துவிட்டார். கேள்வி கேட்க ஆள் இல்லாத நிலைமையை அவர்கள் நீட்டிக்கவில்லை.

நம் சாசனமும் இதையேதான் சொல்கிறது. ஊராட்சியின் ஐந்து வருடம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும். வார்டு மறுவரையறை என்று காரணம் சொல்கிறார்கள், சரி, ஐந்து வருடம் முடியப்போவது முதல் நாளே தெரிந்ததுதானே? ஒரே பி.டி.ஓ. மலை முழுக்க எல்லா ஊராட்சியையும் எப்படிப் பார்ப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை, அவர் நாம் ஓட்டுப்போட்டு வந்தவர் இல்லை, நாளைக்கே மாற்றலாகிப் போய்விடலாம். குடிநீர் வரவில்லை என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

உள்ளாட்சித் தேர்தல் இப்படி விட்டுப்போகும் ஒவ்வொரு முறையும், எந்தத் தேதிக்குள் நடத்துவோம் என்பதை அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் பத்திரிகை அதை விடாமல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏற்காடு